கடலுக்குப் போகாத தாஜா

நானும் அம்மாவும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, அவள் கடையில் இருந்த ஃப்ரீசரைக் காலி செய்தது. பனி ஏறி மூடி படியாமல் கிடந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மரக்கரண்டியால் தட்டித் தட்டிப் பனியை உடைத்து வாளியில் போட்டோம். பனிக்கு அடியில் மீன். வஞ்சிரம், சங்கரா, ஒரு பை நிறைய இறால். ஜூலையிலிருந்து படகுக்காரர்கள் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஒன்றைக்கூட அவள் தொடவில்லை.

"எல்லாத்தையும் நீ எடுத்துட்டுப் போ," என்றாள்.

"இவ்ளோ மீனை வெச்சு நான் என்னம்மா செய்வேன்? நான் ஒருத்திதானே."

"உன்கூட வேலை பாக்கறவங்களுக்குக் குடு. எனக்கு எதுக்கு? தாஜா கடலுக்குப் போற வரைக்கும் எனக்கு மீனும் கிடையாது, உப்பும் கிடையாது."

"அது போகாதும்மா. அதைத் தலைநகருக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கூண்டுல வெச்சுட்டாங்க."

"அப்ப நான் சாகுற வரைக்கும் கிடையாது." ஒரு பனிக்கட்டியை வாளியில் எறிந்தாள். "ஓரத்துல மெதுவாத் தட்டு. குழாய்ல ஓட்டை விழுந்தா காஸ் போயிடும்."

"காஸைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

"நீ வேலை பாக்கறது பெரிய ஆலை. இது என் ஃப்ரீசர்."

நான் எரிவாயு ஆலையில் அளவுக்கருவிப் பிரிவில் இருக்கிறேன். அழுத்தம், வெப்பம், ஓட்டம் ஆகியவற்றை அளப்பது என் வேலை. அளந்ததைத்தான் சொல்வேன், அளக்காததைச் சொல்ல மாட்டேன். அதனால் இதையும் அப்படியே எழுதுகிறேன். ஃப்ரீசரைத் துடைத்து மூடியதற்கு அடுத்த வாரம் அம்மா செத்துப்போனாள். தாஜா அப்போதும் கண்ணாடிக் கூண்டில்தான் இருந்தது.

அவள் பெயர் துலாரி. ட்ரினிடாட்டின் தென்மேற்கு வாலில், செட்ரோஸில், தென்னந்தோப்புக் கூலிகளின் மகளாகப் பிறந்தவள். மழை இல்லாத நாளில் எங்கள் கரையிலிருந்து பார்த்தால் வெனிசுவேலா மலை தெரியும். அப்பா மீன் பிடிக்க அந்தப் பக்கம் போய், அங்கேயே ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டார். அம்மா அவரைப் பற்றிக் கடையில் ஒரே ஒரு தடவை சொன்னாள்: "அவருக்கு நீச்சல் தெரியும். திரும்பி வரணும்னா வந்திருப்பாரு." அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

சாலை ஓரத்தில் சிறிய கடை. ஐஸ், ரொட்டி, எண்ணெய், கடலைமாவில் பொரித்த போலரி, போன் கார்டு. யார் பண்டிகையாக இருந்தாலும் அவள் கடை திறந்திருக்கும். கார்னிவலுக்கு ஐஸ் விற்பாள். கத்தோலிக்கர்களின் நோன்பு வந்தால் உப்புக்கண்டம் போட்ட மீன். தீபாவளிக்கு அகல் விளக்கு. பெரிய வியாழன் அன்று மட்டும் கடையைப் பூட்டிவிட்டு சிப்பாரியா மாதா கோயிலுக்குப் போய், மற்ற இந்துப் பெண்களோடு வரிசையில் நின்று, கறுப்பு மாதாவின் காலடியில் அரிசியும் எண்ணெயும் வைத்துவிட்டு வருவாள். பாதிரியார் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஊரே அவளை மௌசி என்று கூப்பிட்டது. ஊருக்கெல்லாம் சின்னம்மா. ஆனால் அன்பான சின்னம்மா இல்லை. அவள் நாக்குக்குப் பயந்தே பலர் மீதிச் சில்லறையை எண்ணாமல் போவார்கள்.

நான் பிறந்தபோது எனக்கு மூச்சு சரியாக வரவில்லை. உதடு நீலமாக இருந்ததாம். மருத்துவமனையில் ஒரு தாதி, "மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அது முஹர்ரம் மாதம். எங்கள் சந்தின் கடைசியில், நான் சாச்சா என்று கூப்பிடும் காசிம் பக்ஷின் வீட்டுக் கொட்டகையில், ஹொசே என்ற முஹர்ரம் ஊர்வலத்துக்குத் தாஜா கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கே போனாள். வெறுங்காலோடு கொட்டகைக்குள் நுழைந்து, பாதி கட்டிய தாஜாவின் முன்னால் நின்றாள். "இவ மூச்சு விட்டா, வருஷா வருஷம் நோன்பிருந்து இங்க சமைப்பேன். மேல் குமிழுக்கு என் கையால காகிதம் ஒட்டுவேன். அது கடலுக்குப் போன பிறகுதான் உப்பு தொடுவேன்," என்று வாக்குக் கொடுத்தாள்.

நான் மூச்சு விட்டேன். இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சமும் உங்களுக்கானது இல்லை.

தாஜா என்பது போரில் கொல்லப்பட்ட நபியின் பேரன் உசேனின் கல்லறை. மூங்கில் சட்டத்தின் மேல் வண்ணக் காகிதமும் மினுக்குத் தாளும் ஒட்டி, ஒரு வீட்டு உயரத்துக்குக் கட்டுவது. கட்டுகிற நாட்களில் கொட்டகைக்குள் செருப்பு கிடையாது, கறியும் மீனும் கிடையாது, மது கிடையாது. பத்தாம் நாள் தாசா மேளத்தோடு தெருவில் இழுத்துப் போய், கரையில் வைத்து உடைத்து, மாலைக்குள் கடலுக்குக் கொடுக்க வேண்டும். அது சாவு ஊர்வலம். கடலுக்குக் கொடுத்தால்தான் அடக்கம். அது வரை பிணம் வெளியே கிடக்கிறது என்று அர்த்தம்.

கொட்டகையில் முஸ்லிம்களைவிட மற்றவர்கள்தான் அதிகம். பெரிய மேளம் அடிக்கிற ரால் பாப்டிஸ்ட் சபைக்காரன். மூங்கில் பிளக்கிறவர்களில் பாதிப் பேர் இந்துக்கள். அவர்கள் எல்லோருக்கும் உப்பில்லாத பருப்பும் எண்ணெய் படாத ரொட்டியும் அம்மா போட்டாள். யாராவது முகம் சுளித்தால், "ருசியா வேணும்னா உன் மாமியார் வீட்டுக்குப் போ" என்பாள்.

இந்த வருஷம் தலைநகரிலிருந்து திருவிழா ஒருங்கிணைப்புக் குழு என்று ஒன்று வந்தது. தலைவர் பெயர் ஃபூர்னியே. இஸ்திரி போட்ட லினன் சட்டை. தீவின் எல்லாப் பண்டிகைகளையும் ஒரே மண்டபத்தில் காட்டப் போகிறார்களாம். கார்னிவல் உடுப்பு, தீபாவளி விளக்கு, கிறிஸ்துமஸ் பராங் பாட்டுக்காரர்களின் கித்தார், ஹோலிச் சாயம். அதோடு ஒரு தாஜா. "ஒரே தீவு, ஒரே கூரை" என்று சட்டைப்பையில் எழுதியிருந்தது.

காசிம் சாச்சாவின் கொட்டகைக்கும் ஒரு கூரை தருவதாகச் சொன்னார். பழைய தகரம் துருப்பிடித்து, மழை பெய்தால் வேலை நிற்கும். சாச்சா மேலே பார்த்தார். அப்போதே முடிவு தெரிந்துவிட்டது.

ஃபூர்னியே சமையல் பக்கமும் வந்தார். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் விடுப்பில் வந்திருந்தேன்.

"இவ்ளோ அழகான ஒண்ணைக் கடல்ல போடறதை நினைச்சா எனக்கு மனசு வலிக்குதும்மா," என்றார்.

"உங்க அப்பா பாக்க நல்லா இருப்பாரா சார்?"

"நல்லா உயரமா இருப்பாரு. இப்ப இல்ல. ஏன் கேக்கறீங்க?"

"அவரையும் வீட்டு ஹால்லதான் நிக்க வெச்சிருக்கீங்களா?"

ரால் சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க இருமினான். ஃபூர்னியே சிரிக்கவில்லை. சாச்சாவைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார்.

சாச்சா ஒரு வழி கண்டுபிடித்தார். தாஜாவுக்கு உள்ளே சிறிய கல்லறைப் பெட்டி ஒன்று இருக்கும். அதை மட்டும் எடுத்துக் கடலில் விட்டுவிடுவோம், அடக்கம் ஆகிவிடும், வெளிக்கூடு வெறும் காகிதம்தானே, அது மண்டபத்துக்குப் போகட்டும் என்றார். இளைஞர்களில் சிலர் தலையாட்டினார்கள். விளம்பரப் படத்தில் வருவோம் என்ற ஆசை.

"குமிழ்ல நான் ஒட்டின காகிதம் இருக்கு பாய்," என்றாள் அம்மா. "என் வார்த்தை பெட்டிக்குள்ள இல்ல, குமிழ்ல இருக்கு. அது கடலுக்குப் போகலன்னா என் கணக்கு எப்படித் தீரும்?"

"உசேன் கருணை உள்ளவர் துலாரி. அவரு புரிஞ்சுக்குவாரு."

"அவரு புரிஞ்சுக்குவாரு. நீங்க புரிஞ்சுக்கிட்டீங்களான்னுதான் கேக்கறேன்."

பத்தாம் நாள் தாஜா தெருவுக்கு வந்தது. வெள்ளையும் பச்சையுமாக, உச்சியில் குமிழ். வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம், குழு விளம்பரம் செய்திருந்தது. தெரு ஓரத்தில் குளிர்பெட்டி வைத்துப் பீர் விற்றார்கள். நோன்பிருந்து வெறுங்காலில் இழுத்து வருகிறவர்களுக்கு நடுவில், குட்டைக் கால்சட்டை போட்ட ஒருத்தி பாட்டிலைத் தூக்கிப் பிடித்து மேளத்துக்கு இடுப்பை ஆட்டினாள். ரால் மேளத்தை நிறுத்திவிட்டு அவள் போகும் வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடற்கரைக்குத் திரும்பும் முனையில் லாரி நின்றது. பெட்டியை எடுத்துக்கொண்டு நாலு பேர் கரைக்குப் போனார்கள். மற்றவர்கள் தாஜாவை லாரியில் ஏற்றிக் கட்டினார்கள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியபோது அம்மா முன்னால் போய்த் தார்ச்சாலையில் உட்கார்ந்துவிட்டாள். கால் நீட்டி, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, கடையில் உட்காருகிற மாதிரி.

எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். யாரோ ஒருவன், "மௌசி, கார்னிவலுக்கு இன்னும் நாள் இருக்கு" என்று கத்தினான். சிரிப்பு. நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். ரால் என்னை இழுத்தான்.

போலீஸ்காரப் பையன் ஒருவன் குனிந்தான். எங்கள் ஊர்தான். "மௌசி, நீங்க எந்திரிக்கலன்னா நான் தூக்கணும். எனக்கு அசிங்கமா இருக்கு."

"அசிங்கமா இருந்தா அந்தப் பக்கம் போய் நில்லு. லாரி தானா நிக்கும்."

"மேலதிகாரி பாக்கறாரு மௌசி."

"பாக்கட்டும். அவருக்கும் கண்ணு இருக்கு இல்ல."

அப்போதுதான் காசிம் சாச்சா வந்தார். ஃபூர்னியே பின்னால் நின்றுகொண்டிருந்தார். சாச்சா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"துலாரி, நீ முஸ்லிம் இல்ல. இது எங்க வேலை. எந்திரி."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். சொல்லவில்லை. கையை ஊன்றி எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். போலீஸ் எழுப்பவில்லை. லாரி எழுப்பவில்லை. என் பிள்ளைக்கு மூச்சு வேண்டும் என்று அவள் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்த நாளில் அவளிடம் யாரும் மதம் கேட்கவில்லை. அவள் கையால் சாப்பிட்டபோதும் கேட்கவில்லை. கூரை வருகிற வருஷம் கேட்டார்கள்.

நோன்பை அவள் விடவில்லை. அவித்த சேப்பங்கிழங்கு, உப்பில்லாத பருப்பு, வெறும் சோறு. நான் வாரம் தவறாமல் போய்ச் சண்டை போட்டேன். சுகாதார நிலையத்தில் மருத்துவர் அவள் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"கோவப்பட்டேன்," என்றாள்.

சாச்சா ரொட்டி வாங்கக் கடைக்கு வருவார். அம்மா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள், சில்லறையை அவர் கையில் வைக்காமல் மேஜையில் வைப்பாள். பேச்சு கிடையாது. அவர் நின்று பார்ப்பார். அவள் அடுத்த ஆளை, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பாள். அவ்வளவுதான். சாச்சா ரொட்டிக்காக மட்டும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

தீபாவளிக்கு முந்தைய நாட்களில் இந்துக்கள் எல்லோரும் கறியையும் மீனையும் விட்டபோது ரால், "இப்ப ஊரே உன்கூடச் சேந்துடுச்சு மௌசி" என்றான். "அவங்களுக்கு விளக்கு வெச்சதும் முடிஞ்சுடும், எனக்கு முடியாது. தீபாவளி போகட்டும், நான் தலைநகருக்குப் போறேன். அந்தச் சட்டைக்காரன் கிட்ட நேரா கேக்கறேன்" என்றாள் அம்மா. பஸ் எந்த நேரத்துக்கு என்று விசாரித்தும் வைத்திருந்தாள்.

தீபாவளிக்கு முன்னாலேயே ஒரு காலையில், கடை திறக்காததைப் பார்த்து ரால் கதவை உடைத்தான். சமையலறைத் தரையில் கிடந்தாள். மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது என்று சான்றிதழில் இருக்கிறது. நோன்பால் செத்தாள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். காரணத்தை அளக்க எனக்கு வழியில்லை. வாக்கு தீராமல் செத்தாள் என்பதை அளக்கத் தேவையில்லை.

சாவு வீட்டுக்கு ராலின் மனைவி ஒரு பெரிய பாத்திரத்தில் மீன் சூப் கொண்டுவந்தாள். அவர்கள் வழக்கம் அது, நல்ல மனசோடுதான் கொண்டுவந்தாள். நான் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "எடுத்துட்டுப் போ. அவ இருக்கற வீட்டுல மீன் வாசனை வரக் கூடாது. அவளோட நோன்பு இன்னும் முடியல." அந்தப் பெண் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். காசிம் சாச்சா வேலிக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

டிசம்பரில் ஆலையின் பிக்கப் வண்டியை ஒருநாளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு தலைநகருக்குப் போனேன். மண்டபத்தில் கண்ணாடிக் கூண்டு இருந்த இடத்தில் கிறிஸ்துமஸ் மரம் நின்றது. விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. காவலாளியிடம் கேட்டேன்.

"தாஜாவா? பின்னாடி போய்ப் பாருங்க. குப்பை வண்டி நாளைக்கு வரும்."

பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மழையில் கிடந்தது. அடித்தட்டு முறிந்து சட்டம் வெளியே தெரிந்தது. தூண்களைக் காணவில்லை. குமிழ் பக்கவாட்டில் சாய்ந்திருக்க, அதன்மேல் யாரோ காலி சோடாப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். கடலில் போட மனசு வலித்தவர் குப்பையில் போட்டிருந்தார்.

ஃபூர்னியேவுக்குப் போன் செய்தேன். யார் என்று சொன்னேன். அவருக்கு நினைவு வரவில்லை. சாலையில் உட்கார்ந்த பெண்ணின் மகள் என்றதும் வந்தது.

"ஓ, அதுவா. கண்காட்சி முடிஞ்சுதும்மா. ஈரம் பட்டுக் கெட்டுப்போச்சு. நீங்க எடுத்துட்டுப் போனா எங்களுக்கு உதவிதான், இடம் காலியாகும்."

"அவ செத்துட்டா."

"அடடா. ரொம்ப வருத்தமா இருக்கு. அவங்க ரொம்ப வேடிக்கையாப் பேசுவாங்க."

"வேடிக்கையா எப்பவுமே அவ பேசினதில்ல," என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஆளுக்குப் புரியப்போகிறதா என்ன.

காவலாளி ஒரு பக்கம் பிடித்தார். குமிழைப் பிக்கப்பில் ஏற்றி, கடைச் சரக்குக்கு அம்மா செய்கிற மாதிரி அடியில் சாக்கு விரித்து, வார்ப்பட்டையால் இறுக்கினேன். தெற்கே வரும் வழியெல்லாம் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒவ்வொரு குழிக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.

கொட்டகை வாசலில் நிறுத்தினேன். புதுக் கூரை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. சாச்சா வெளியே வந்து, வண்டியின் பின்புறத்தைப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"குப்பையில."

"முஹர்ரம் இல்லையேம்மா இப்ப. மாசம் தப்பு," என்றார்.

"பொணத்துக்கு மாசம் பாப்பீங்களா சாச்சா? இது உங்க வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க. வாங்க, செய்யுங்க."

உள்ளே போய் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். முனை திரும்பும்போது கேட்டார்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"இல்ல."

"திட்டக்கூட இல்லையா?"

"உங்க பேரை எடுக்கவே இல்ல."

அவருக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அது உண்மையும்கூட.

கடல் உள்வாங்கியிருந்தது. படகுகள் மணலில் சாய்ந்து கிடந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் குமிழைத் தூக்கிக்கொண்டு ஈர மணலில் நடந்தோம். ஈரம் ஏறியும் கனமில்லை. தண்ணீர் கணுக்காலைத் தொட்ட இடத்தில் இறக்கினோம். உடைத்துத்தான் கடலுக்குக் கொடுக்க வேண்டும், உடைக்க வேண்டியது கொட்டகைக்காரர். சாச்சா கத்தியை ஓங்கினார். காகிதம் ஒட்டிய இடத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார்.

"ஓரம் எல்லாம் எப்படி மடிச்சு ஒட்டியிருக்கா பாரு," என்றார். "நீ உடையேன்."

"மாட்டேன்."

"என்னால முடியலம்மா."

நான் குமிழை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். காற்று கிழிந்த தாள்களைத் தூக்கித் தூக்கி அடித்தது. வெனிசுவேலா பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"இருட்டறதுக்குள்ள முடிக்கணும் சாச்சா," என்றேன். "அடிங்க."